கடலோரத்தில் கல்விக்கும் கலைக்கும் கொடுக்க நினைக்கும் அறக்கட்டளை: உதவித்தொகையா, மாலை வகுப்பா, கலை வாத்தியாரா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரத்தில் படகுகள் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும், சில கரையேறி மராமத்தில் கிடக்கும். பிடித்த மீனில் பங்கு என்ற பேச்சில் அடுத்தவர் படகில் போகிறவர் வீட்டில் அந்த இரண்டு மாதமும் அரசு தரும் தடைக்கால நிவாரணத்தைத் தவிர வரவு இல்லை. தடை முடிந்து, ஐஸும் டீசலும் கடனுக்கு ஏற்றி, முதல் மீன்பாடு கரை சேர்ந்து காசு கைக்கு வருவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். கல்லூரியில் முதல் பருவக் கட்டணத்துக்குத் தேதி குறித்துவிடுவார்கள். ராமநாதபுரம் கடலோரத்தில் பணம் போட வரும் அறக்கட்டளை முதலில் பார்க்க வேண்டியது இந்தக் காலண்டரைத்தான். எந்த மாதம் கொடுக்கிறோம், யார் கையில் கொடுக்கிறோம் என்ற இரண்டையும் பிடித்துவிட்டால் சிறிய தொகையும் வேலை செய்யும். தவறவிட்டால் பெரிய தொகையும் மேடைப் புகைப்படத்தோடு முடிந்துவிடும்.

கையில் ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பேசலாம். மூலநிதி ஒன்றரைக் கோடி ரூபாய், வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 10,50,000. வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே தன் நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். 15 சதவீதம் வரை சேர்த்து வைக்கலாம். ஆகச் செலவுக்கு 8,92,500, மூலநிதியில் சேர 1,57,500. இந்தச் சேர்மானம் மூலநிதியில் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். விலைவாசி அதைவிட வேகமாக ஏறும் என்பதால் பத்தாண்டு கழித்து இதே வேலையை இதே வட்டியில் நடத்த முடியாது. பெயர்ப்பலகையில் 'நிரந்தர' என்று எழுதுவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். தணிக்கை, பகுதிநேர ஒருங்கிணைப்பாளர், பயணம் என்று ஆண்டுக்கு 1,50,000 ஒதுக்கினால் கையில் நிற்பது 7,42,500. இந்தத் தொகைக்கு எது தகும் என்பதுதான் கேள்வி.

முதலில் உதவித்தொகை. எல்லோருக்கும் முதலில் தோன்றுவதும் இதுதான், அதிகம் பிசகுவதும் இதில்தான்.

முதல் பிசகு வெறும் பெருக்கல் கணக்கு. ஆளுக்கு ஆண்டுக்கு 25,000 என்றால் 29 பேருக்குக் கொடுக்கலாம். முதல் ஆண்டே 29 பேரையும் சேர்த்துவிட்டால் இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் அதே 29 பேருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், புதிதாக ஒருவரையும் எடுக்க முடியாது. 'போன வருடம் கொடுத்தீர்களே' என்று ஊர் கேட்கும். அந்த நெருக்கடியில் பல அறக்கட்டளைகள் பழைய பிள்ளையைப் பாதியில் விட்டுவிட்டுப் புதிய பிள்ளைக்குக் கொடுத்துப் பெயரைக் காப்பாற்றிக்கொள்கின்றன. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்றால் ஆண்டுக்கு 9 பேரை மட்டும் எடுக்க வேண்டும்; மூன்றாம் ஆண்டில் 27 பேர், 6,75,000 ரூபாய் என்று அது நிலைகொள்ளும். நான்காண்டுப் படிப்பு என்றால் ஆண்டுக்கு 7 பேர்தான். முதல் ஆண்டு மிஞ்சும் பணத்தைப் பார்த்துக் கை துறுதுறுக்கும். அந்தப் பணத்தை என்ன செய்யலாம் என்பது பின்னால் வருகிறது.

இரண்டாவது, அரசு ஏற்கெனவே கொடுப்பதன் மேலேயே கொண்டுபோய்க் கொட்டுவது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் மருத்துவமோ பொறியியலோ சேர்ந்த பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த கல்லூரி மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வி சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. இவர்களிலேயே 'கெட்டிக்காரப் பிள்ளை' என்று பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தால் நம் பணம் வெறும் மேல்பூச்சு.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கடலோரத்தில் திருச்சபைகளும் ஜமாஅத் சார்ந்த அமைப்புகளும் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள் பல உண்டு. அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் அதே குடிசையிலிருந்து வந்தாலும் 7.5 சதவீதத்துக்குள் வர மாட்டார்கள். அடுத்தது, இடம் கிடைத்தும் சில நாள் கெடுவுக்குள் முன்பணம் கட்ட முடியாமல் இடத்தை இழப்பவர்கள். அடுத்தது, அரசுக் கல்லூரியில் கட்டணம் சொற்பம் என்றாலும் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் வழியில்லாதவர்கள். தங்கச்சிமடத்திலிருந்தோ தொண்டியிலிருந்தோ தினமும் ராமநாதபுரம் போய்வரும் பிள்ளைக்குக் கட்டணத்தைவிட மதியச் சாப்பாடு பெரிய செலவு.

மூன்றாவது, வயது. பையன்கள் கல்லூரி வாசலில் நிற்பதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கும் பதினோராம் வகுப்புக்கும் நடுவிலேயே கடலுக்குப் போய்விடுகிறார்கள். கடலுக்குப் போனால் அன்றே பங்கு கிடைக்கும். பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கேட்டு விண்ணப்பம் வாங்கும் அறக்கட்டளையின் கண்ணில் இந்தப் பையன் படவே மாட்டான். பட்டியலில் பெண்பிள்ளைகளின் பெயர்களே நிறைந்திருந்தால் மகிழ்ச்சி அடைவதோடு, பையன்கள் எங்கே போனார்கள் என்றும் கேட்க வேண்டும்.

தேர்வு செய்யும்போது வருமானச் சான்றிதழை மட்டும் நம்பினால் எல்லோரும் ஒரே அளவு ஏழை. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதே வழி. கேட்க வேண்டியவை: சொந்தப் படகா, பங்கா? படகு இலங்கையில் பிடிபட்டுக் கிடக்கிறதா? அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறாரா, கருவாட்டுக் கொட்டகைக்குப் போகிறாரா? மூத்த பிள்ளை எத்தனையாவதில் நின்றது? ராமேஸ்வரம், மண்டபம் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் திங்கள், புதன், சனியில் விசைப்படகு கடலுக்குப் போகும். அன்று போனால் அப்பாவைப் பார்க்க முடியாது, மறுநாள் காலையில்தான் கரைக்கு வருவார். வீடு பார்க்கப் போகிறவர் அதே ஊர்க்காரராக இருக்கக் கூடாது. ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் கூட வர வேண்டும். ஒரே தலைவரின் கடிதத்தை நம்பிப் பத்துப் பேரைச் சேர்த்தால் பத்தும் ஒரு தெருவாக இருக்கும்.

கொடுக்கும் முறை: கல்விக் கட்டணம் நேராகக் கல்லூரிக் கணக்குக்கு. சாப்பாடு, பயணப் பணம் மாணவர் கணக்குக்கு, மாதாமாதம். மொத்தமாக வீட்டுக் கணக்கில் போட்டால் வலைக்கடனோ வைத்தியச் செலவோ அதை எடுத்துக்கொள்ளும். வீட்டைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. காசு இல்லாத வீட்டில் காசு வந்தால் எது அவசரமோ அதற்குத்தான் போகும். ஆண்டுத் தொகையில் பாதி ஜூன் முதல் வாரத்துக்குள் போய்விட வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மேடையில் காசோலை கொடுக்கும் பழக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் அந்த வீடு வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கும்.

இந்த இடத்தில் இன்னொரு வழி இருக்கிறது, அதிகம் பேர் எடுப்பதில்லை: திருப்பித் தரும் உதவி. ஜே.என். டாட்டா 1892-இல் தொடங்கிய நிதி வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் உதவித்தொகைதான் கொடுத்தது, இன்றும் அப்படித்தான். இங்கே அதைச் சிறிய அளவில் செய்யலாம். ஜூனில் 10,000 ரூபாய் வட்டியில்லாமல், ஆகஸ்டிலிருந்து மாதம் 1,000 வீதம் பத்துத் தவணை. மேலே சொன்ன முதல் ஆண்டு மிச்சப் பணத்துக்கு இது பொருத்தமான இடம். கீழக்கரை போன்ற ஊர்களில் பைத்துல்மால் என்ற பொதுநிதி வழக்கம் இருப்பதால் விளக்கிச் சொல்லவே வேண்டாம். மற்ற ஊர்களில் மகளிர் குழு வழியாகப் போவது நல்லது. கணக்கில் இது கொடுக்கும் ஆண்டில் செலவாகவும் திரும்பி வரும் ஆண்டில் வருமானமாகவும் நிற்கும். தணிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இலங்கையில் படகு பிடிபட்டாலோ புயலில் வலை போனாலோ தவணையைத் தள்ளிவைக்கவும் ஒரு விதி வேண்டும். இல்லாவிட்டால் அறக்கட்டளையும் இன்னொரு கடன்காரனாகிவிடும்.

அடுத்து மாலைப் படிப்பகம். செலவுக்குப் பலன் என்று பார்த்தால் இந்தக் கடலோரத்தில் இதைவிட நல்லது இல்லை என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

ஒரு மையத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். மாலை ஐந்தரை. மீனவர் சங்கக் கட்டடத்தின் கூடம், இரண்டு தார்ப்பாய், ஒரு கரும்பலகை, கரண்ட் போனால் எடுக்க ஒரு எமர்ஜென்சி விளக்கு. முப்பது பிள்ளைகள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் 43-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 34 என்று எழுதுகிறான். ஏழிலிருந்து மூன்றைக் கழித்துவிட்டான், கடன் வாங்கத் தெரியவில்லை. அவனுக்கு இன்று வகுப்பில் நடந்த பாடம் பின்னம். இவனை வகுப்புப் பாடத்தையே திருப்பிச் சொல்ல வைக்கும் ட்யூஷன் ஒன்றும் செய்யாது. அதனால் முதல் வாரமே நிலை பார்த்துப் பிரிக்க வேண்டும். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கப் பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் அசர் கணக்கெடுப்பின் கருவி போதும்: எழுத்து, சொல், பத்தி, கதை என்று வாசிப்பில் நான்கு படி, கணக்கில் எண் அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஆகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்த்தால் மையம் வேலை செய்கிறதா என்பது அறங்காவலருக்கும் தெரிந்துவிடும். வருகைப் பதிவேட்டால் அது தெரியாது.

செலவு: உள்ளூர்ப் பட்டதாரிப் பெண்கள் இருவருக்கு ஆளுக்கு 6,000 என்றால் 12,000. சுண்டலோ பயறோ பிள்ளைக்கு 8 ரூபாய், 30 பிள்ளை, 22 நாள்: 5,280. மின்சாரம், கட்டடப் பராமரிப்பு 1,000. தாள், நகல் 1,000. மாதம் 19,280; பதினொரு மாதத்துக்கு 2,12,080. சுண்டலைக் குறைத்தால் பணம் மிஞ்சும், பிள்ளைகள் மிஞ்ச மாட்டார்கள். நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வந்த வயிறு அது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதே மையத்தில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தால் ஆதாயம் இரட்டிப்பாகும். மனத்திறன் 90, படிப்பறிவு 90 என்று 180 கேள்விகள். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு 12,000, நான்கு ஆண்டுக்கு 48,000 மத்திய அரசிடமிருந்து வரும். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000-க்குள் இருக்க வேண்டும், அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படிக்க வேண்டும். ஒரு மையத்திலிருந்து ஆண்டுக்கு ஐந்து பேர் தேறினால் 2,40,000. மையம் போட்ட செலவைவிட அதிகம் அந்த ஊருக்கு வந்து சேர்கிறது. பையன்கள் படிப்பை விடும் அதே ஒன்பதாம் வகுப்பில் பணம் வரத் தொடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

எங்கே உடைகிறது? இடம் ஒரு தரப்பின் கட்டடமாக இருந்தால் மற்றத் தரப்புப் பிள்ளைகள் வர மாட்டார்கள். நேரத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து குறித்தால், மக்ரிப் தொழுகைக்குப் பின் மதரஸா இருக்கும் ஊரிலும், ஏழு மணிக்குக் கோயிலில் ஜெபமாலை சொல்லும் ஊரிலும் கூடம் காலியாகும். ஆசிரியருக்கு வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார். அதே தெருவில் மணமாகி இருக்கும் பெண் நிலைத்து நிற்பார். எல்லாவற்றுக்கும் மேல், சம்பளம் இரண்டு மாதம் தள்ளினால் மையம் செத்தது. பிறகு யார் வந்து திறந்தாலும் ஊர் நம்பாது.

கம்ப்யூட்டர் கேட்பார்கள். உப்புக்காற்றில் மதர்போர்டு சீக்கிரம் பச்சை பிடிக்கும், இரும்பு பீரோ துருப்பிடித்துக் கதவு திறக்காது. புத்தகத்தை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைப்பதும், பலகை இருக்கை போடுவதும் மேல்.

கட்டடம் கட்டிக் கொடுப்பது பற்றிச் சுருக்கமாக: இந்த அளவு நிதிக்கு வேண்டாம். கடல் ஏற்ற எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும், அனுமதி எளிதில் வராது. உப்புத்தண்ணீரும் கடல் மணலும் கலந்த கான்கிரீட்டில் கம்பி உள்ளே வீங்கி மேல்பூச்சு உதிரும். பள்ளிக்குத்தான் செய்ய வேண்டும் என்றால் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியாக, பள்ளி மேலாண்மைக் குழு எழுதித் தரும் தேவையைப் பார்த்துக் கழிப்பறைப் பராமரிப்புக்கோ குடிநீருக்கோ கொடுக்கலாம். அதில் பெயர்ப்பலகை வைக்க இடம் குறைவு. பலர் தயங்குவது அதனால்தானோ என்னவோ.

இனிக் கலை. இந்த மண்ணுக்குக் கலைக்குக் கொடுக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழக்கரையின் சீதக்காதி 'செத்தும் கொடுத்தான்' என்று பெயர் வாங்கியவர். பூச்சி சீனிவாச ஐயங்கார் ராமநாதபுரம் சமஸ்தானத்து வித்துவான். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அவரிடம்தான் படித்தார். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார். இவற்றில் ஒரு பொதுச் சரக்கு இருக்கிறது: ஒரு புலவரை, ஒரு பாடகரை, ஓர் அமைப்பைப் பல ஆண்டு சோறு போட்டு வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் மேடை ஏற்றிப் பொன்னாடை போர்த்தி அனுப்புவதோடு நிறுத்தவில்லை.

இன்றைய அறக்கட்டளைகள் பெரும்பாலும் அந்த ஒருநாள் மேடையைத்தான் எடுக்கின்றன. கலைவிழாவின் ரசீதுகளை அடுக்கிப் பார்த்தால் பந்தல், ஒலிபெருக்கி, விளக்கு, விருந்தினர் தங்கும் செலவு என்று போய், ஆடினவருக்குப் போன பங்கு கடைசியில் மெலிந்து நிற்கும். விழா வேண்டாம் என்பதில்லை. ஆண்டு முழுக்கச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் ஆடுவதற்கு ஒரு மாலை தேவை. பந்தல் செலவை ஊரே ஏற்கட்டும்.

பணம் போக வேண்டியது வாத்தியாருக்கு. ஒயிலாட்ட வாத்தியார், சிலம்ப ஆசான், தப்ஸ் என்ற கைப்பறை அடிக்கச் சொல்லித் தருபவர், கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்து பழக்கும் அண்ணாவியார் என்று ஊருக்கு ஒருவர் இன்னும் இருக்கிறார்கள். மாசி தொடங்கித் திருவிழாக் காலத்தில் இவர்களுக்கு வாய்ப்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேடை இல்லை, வருமானமும் இல்லை. வகுப்பு ஜூனிலிருந்து மார்ச் வரை பத்து மாதம், வாரம் மூன்று நாள், இரண்டு ஊர், மாதம் 8,000 என்றால் 80,000. கருவி, சலங்கை, உடுப்புக்கு 25,000. மொத்தம் 1,05,000. சம்பளம் மழை மாதத்திலும் நிற்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 'வகுப்பு நடந்த நாளுக்கு மட்டும்' என்று கணக்குப் பார்த்தால், நவம்பரில் புயல் எச்சரிக்கையால் வகுப்பு விட்டுப்போகும்போது அவர் கூலி வேலைக்குப் போய்விடுவார். ஜனவரியில் திரும்ப அழைத்தால் வர மாட்டார்.

கருவி வாங்குவதில் ஒரு சங்கதி. தோல் கட்டிய பறை கடலோர ஈரக்காற்றில் தொய்ந்துவிடும். அடிக்கும் முன் வைக்கோலோ காகிதமோ கொளுத்திக் காட்டிக் காய்ச்ச வேண்டும், அரை மணி நேரத்தில் மறுபடி இறங்கும். பிள்ளைகள் கையில் நெருப்பைக் கொடுக்க முடியாது. பயிற்சிக்கு ஃபைபர் முகம் போட்ட பறை நான்கு, மேடைக்குத் தோல் பறை இரண்டு என்று வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். நாதம் ஒன்றல்ல என்று ஆசான் முகம் சுளிப்பார், அவர் சொல்வது சரிதான். வெண்கலச் சலங்கையைத் துணியில் துடைத்து மூடிய டப்பாவில் வைக்காவிட்டால் ஒரு மழைக்காலத்தில் கறுத்துக் களிம்பேறும்.

அரசுப் பள்ளிக்குள் வகுப்பு நேரத்தில் வாத்தியாரை அனுப்புவதா, வெளியே நடத்துவதா? உள்ளே போக முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்து அனுமதி வேண்டும், தலைமையாசிரியர் மாறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2022 முதல் நடக்கும் பள்ளிக் கலைத்திருவிழா வந்தபின் பள்ளிகள் இதற்கு வாசலைத் திறக்கின்றன என்பது உண்மை. ஆனால் அங்கே கேட்பது ஐந்து நிமிடப் போட்டி உருப்படி. ஒயிலாட்டத்தின் அடவுகளை முறையாகப் பழக ஓர் ஆண்டு வேண்டும். மாலைப் படிப்பகம் இருக்கும் அதே கூடத்தில், படிப்பு முடிந்ததும் வாரம் மூன்று நாள் கலை வகுப்பு வைப்பதே மேல். சுண்டலும் விளக்கும் ஏற்கெனவே இருக்கின்றன. படிப்பை விட்ட பையனும் சிலம்பத்துக்கு வருவான். அவனைத் திரும்பப் பிடிக்க அது ஒரு கொக்கி.

முறையாக நாகசுரம், தவில், குரலிசை படிக்க நினைக்கும் பிள்ளைக்கு ராமநாதபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. அங்கே கட்டணம் தடையாக இருக்காது. போக்குவரத்தும் மதியச் சாப்பாடும்தான் தடை. இரண்டு பிள்ளைகளுக்கு அதை ஏற்றால் செலவு சிறிது, பலன் வாழ்நாள் தொழில்.

அம்பாப் பாட்டு பதிவு தனி வேலை. வலை இழுக்கையிலும் துடுப்பு போடுகையிலும் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடுக்கும் பாட்டு. இன்ஜினும் வின்ச்சும் வந்தபின் பாட வேலையில்லாமல் போனது. தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள் என்பதால் பெரியவர்களைப் பிடிக்க அதுவே சமயம். கரைவலை இழுக்கும் ஊரில் வேலையோடு சேர்த்துப் பதிய வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்துப் பாடச் சொன்னால் இழுப்பின் மூச்சு பாட்டில் இருக்காது. கச்சான் (தென்மேற்குக் காற்று) எழும்புவதற்கு முன் விடியற்காலையில் பதிவது நல்லது. மைக்குக்கு ரோம உறை, எடுத்துக்கொடுப்பவர் சட்டையில் தனி மைக், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு. மூன்று பிரதி: ஒன்று ஊரில், ஒன்று அறக்கட்டளையில், ஒன்று பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை போன்ற ஓர் இடத்தில் ஒப்புதல் கேட்டு வைக்கலாம். பாடினவரின் பெயர், ஊர், தேதி, எந்த வலை என்ற விவரமும், தமிழில் எழுதிய சம்மதக் கடிதமும், அன்றைய கூலிக்குக் குறையாத மதிப்பூதியமும் இல்லாமல் பதியக் கூடாது.

இந்த ஒப்பீட்டில் பலர் கவனிக்காமல் பின்னால் மாட்டிக்கொள்வது அறக்கட்டளைப் பத்திரத்தின் வாசகம். வருமான வரிச் சட்டத்தில் கல்வி என்பது தனித்த அறநோக்கம். கலை அப்படி இல்லை. தொன்மை, கலை மதிப்புள்ள பொருள், இடங்களைக் காப்பது தவிர மற்றவை 'பொது நலன்' என்ற பொதுப் பிரிவில் விழும். நோக்கப் பிரிவில் 'கல்வி' என்று மட்டும் எழுதிவிட்டுக் கூத்துக்குச் செலவழித்தால் கேள்வி வரும். எனவே நாட்டார் கலைப் பயிற்சி, ஆவணப்பதிவு, கலைஞர் உதவி என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். பொது நலன் பிரிவில் டிக்கெட், கட்டணம் போன்ற வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பெற்ற அறக்கட்டளை மதச் செலவுக்கு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது. இங்கே கலை திருவிழாவோடும் தர்கா சந்தனக்கூட்டோடும் ஒட்டியே இருப்பதால், விழாக் கமிட்டிக்கு நன்கொடை என்று கொடுக்காமல் வாத்தியார் சம்பளம் என்று கொடுப்பது கணக்குக்கும் நல்லது. 'எங்கள் சமுதாயப் பிள்ளைகளுக்கு மட்டும்' என்று ஒரு மதத்தையோ சாதியையோ குறித்துப் பத்திரம் எழுதினால் வரிவிலக்கே போகலாம். (பழைய சட்டத்தில் வரிவிலக்குப் பதிவுக்கான 12ஏபி, நன்கொடைச் சலுகைக்கான 80ஜி என்ற எண்கள் 2025-இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டத்தில் மாறியிருக்கின்றன, விண்ணப்பத்தில் எதை எழுதுவது என்பதைத் தணிக்கையாளர் பார்த்துக்கொள்வார்.)

வளைகுடா, சிங்கப்பூர், மலேசியாப் பணம் வரும் ஊர்களுக்கு இன்னொன்று. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய அண்ணன் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் அவர் அனுப்புவது ஆகும். அதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும், அப்படி வாங்கிய பணத்தை 2020 திருத்தத்துக்குப் பின் வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஒரே குடும்பத்தில் இரண்டும் இருக்கும். ரசீது போடும் முன் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்டுவிட வேண்டும்.

தானே நடத்துவதா, நடத்துகிறவர்களிடம் கொடுப்பதா? ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்குள் என்றால் தனி அறக்கட்டளையே தேவையில்லை. தணிக்கை, பதிவு, ஆண்டறிக்கை என்று அதில் ஒரு நல்ல பங்கு கரைந்துவிடும். ஏற்கெனவே மையம் நடத்தும் அமைப்புக்கு ஒரு மையத்தின் செலவு என்று குறித்துக் கொடுப்பது சிறந்தது. பத்து லட்சத்துக்கு மேல் என்றால் ஓர் ஒருங்கிணைப்பாளரை வைத்துத் தானே நடத்தலாம். இன்னோர் அறக்கட்டளைக்கு 100 ரூபாய் கொடுத்தால் 85 சதவீதக் கணக்கில் 85 ரூபாய்தான் செலவாக ஏற்கப்படும் என்ற விதியும் இப்போது இருப்பதால், பெரிய தொகையைக் கைமாற்றுவதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆக, நம் 7,42,500-இல் இரண்டு மையங்களுக்கு 4,24,160. ஒரு கலை வாத்தியார் இரண்டு மையத்துக்கும் பொது, 1,05,000. உதவித்தொகை ஆளுக்கு 15,000 வீதம் ஆண்டுக்கு 4 புதியவர், மூன்றாம் ஆண்டில் 12 பேர், 1,80,000. முதல் இரண்டு ஆண்டில் இதில் மிஞ்சும் 1,20,000-உம் 60,000-உம் ஜூன் மாதத் திருப்பித் தரும் உதவிக்கு. மீதி 33,340 அம்பாப் பதிவுக்கும் இசைப்பள்ளிப் பிள்ளைகளின் பயணத்துக்கும். தென்கடல் (மன்னார் வளைகுடா) ஊர் ஒன்று, வடகடல் ஊர் ஒன்று என்று மையங்களை வைத்தால், கச்சானில் ஒரு பக்கமும் வாடைக்காற்றில் மறுபக்கமும் தொழில் படுக்கும்போது எந்த ஊருக்கு எப்போது கை நீட்ட வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளருக்கு ஒரே ஆண்டில் பிடிபட்டுவிடும்.

விண்ணப்பம் பிப்ரவரியில் வாங்கி, வீடு பார்ப்பதைத் தடை தொடங்கிய ஏப்ரல் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். அப்போது அப்பாவும் வீட்டில் இருப்பார்.